ஈசானி மூலைக் குத்துக்கால்

பீளமேட்டில் ஒரு மில்லுக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்கள் பத்து வரிசையாக நின்றன. அதில் கடைசிப் பங்களாவைத்தான் சென்னகேசவன் வாங்கினார். அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. அது தெரிந்தால்தான் பின்னால் வருவது விளங்கும்.

அங்கே பூமி கருமண். மழையில் ஊறினால் உப்பும், வெயிலில் காய்ந்தால் கை நுழைகிற அகலத்துக்கு வெடிக்கும். சிமெண்டுத் தரை போட்டால் இரண்டு வருஷம் தாங்காது, வரிவரியாகப் பிளந்துவிடும். மெஷின் பூட்ட வந்த துரைமார்கள் அதைப் பார்த்துவிட்டு வேறு யோசனை செய்தார்கள். தேக்குக் கால்களை நட்டு, மேலே உத்தரம் ஓட்டி, அதன்மேல் பலகைத் தரை போட்டுக்கொண்டார்கள். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகலாம். காற்றும் போகும், கோழியும் போகும், ஒரொரு நாளைக்குப் பாம்பும் போகும்.

அறுபது வருஷம் நின்ற கால்களைக் கடைசியில் கரையான் பிடித்துக்கொண்டது. தொண்ணூற்று நாலாம் வருஷம் சென்னகேசவன் வாங்கும்போது, நடந்தால் பலகை முனகியது. சுவரெல்லாம் நல்ல பர்மா தேக்கு. கால் மட்டும்தான் போச்சு. அந்த இருபத்தெட்டுக் காலையும் எடுத்துப்போட்டு, காங்கிரீட்டில் குத்துக்கால் வார்த்து நிறுத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள்தான் ரசாக். கோட்டைமேட்டுக்காரர். இருபது வருஷமாக இன்னொருத்தர் காண்ட்ராக்டில் கொத்தனாராக இருந்தவர், முதல் தடவையாகத் தன் பேரில் எடுத்த வேலை இது. மில் மேனேஜர் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "இந்த ஒரு ஊடு மட்டமா நின்னுதுன்னா மிச்ச ஒம்பதும் உங்களுக்குத்தான் பாய். ஆனா நல்லா நிக்குதுன்னு சென்னகேசவன் சொல்லோணும்." ஒன்பது வீடென்றால் இரண்டு வருஷத்து வேலை. அதைவிட, ரசாக் மேஸ்திரி என்று ஊரில் ஒரு பேர். ரசாக்குக்கு வயசு ஐம்பத்திரண்டு. இனி ஒரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கிற வயசில்லை.

அவருக்குக் கையாள் மச்சினன் முஜீப், மனைவி ரம்லாவின் தம்பி. சித்தாளுக்கு நீலாம்பூர்ப் பக்கத்திலிருந்து பழனியாத்தாள் வந்தாள். வாய் ஓயாதவள்.

"ஏனுங் மேஸ்திரி, ஊட்டுக்கு முட்டி மாத்தறத இப்பத்தான் பாக்கறேன். என்ற ஊட்டுக்காரனுக்கும் ரெண்டு வார்த்துக் குடுத்தீங்கன்னா ஆகாதுங்களா? பொழுதோட கடையிலிருந்து நேரா நடந்து வருவான்."

"உன்ற ஊட்டுக்காரனுக்கு முட்டி நல்லாத்தானிருக்குது. மட்டந்தான் சரியில்ல" என்றான் முஜீப், குழிக்குள்ளிருந்து.

வேலை எப்படி என்றால், அறையின் பலகையைப் பெயர்த்துவிட்டு, உத்தரத்துக்கு அடியில் லாரி ஜாக்கி கொடுத்து அரை இஞ்ச் தூக்குவார்கள். பழைய காலை உருவிவிட்டு அதே இடத்தில் குழி. கருமண்ணில் எதை நிறுத்தினாலும் நிற்காது. அதைத் தாண்டி வெளுத்த சுக்கான் மண் வருகிற வரைக்கும் போக வேண்டும், மூன்றரை, நாலு அடி. அடியைத் திம்மிசுக் கட்டை போட்டு இடித்து, கீழே ஒரு அடி காங்கிரீட் போட்டு, அது இறுகியதும் அதன்மேல் வார்த்து வைத்த குத்துக்காலை நிறுத்தி, டியூப்பில் தண்ணி விட்டு மட்டம் பார்த்து, ஜாக்கியை இறக்குவார்கள். வீடு அப்படியே பழைய காலை மறந்து புதுக்காலில் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு குழியிலும் ரசாக் தானே இறங்கி, டேப் பிடித்து, குதிகாலால் அடியை ஓங்கி மிதித்துப் பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் காங்கிரீட்.

இருபத்தேழு குழிக்கு அப்படிச் செய்தார். ஒரு குழிக்குச் செய்யவில்லை. அது வடகிழக்கு, ஈசானி மூலை. பூசை அறை. அந்த வியாழக்கிழமை சாயந்தரம் அவர் காந்திபுரத்துக்குப் போல்ட் வாங்கப் போயிருந்தார். முஜீப்தான் தோண்டி, அளந்து, இடித்துவைத்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு முன்னால் காங்கிரீட்டை முடிக்க வேண்டும். "மூணே முக்கா அடி மச்சா, சுக்கான் வந்திருச்சு" என்று முஜீப் சொன்னான். மேலே நின்றே எட்டிப் பார்த்துவிட்டு, "கொட்டு" என்று சொல்லிவிட்டார்.

அவர் எட்டிப் பார்த்த அந்தக் குழியில், அன்றைக்கு வெடியாலயே ஒருத்தி இறங்கி ஏறியிருந்தாள்.

சென்னகேசவனின் மனைவி வெங்கடம்மாளைத்தான் சொல்கிறேன். கெட்ட மனசுக்காரி இல்லை கண்ணு, பயந்த மனசுக்காரி. மூன்று வருஷத்துக்கு முன்னால், சென்னகேசவனுடைய ஃபவுண்ட்ரியில் இரும்புக் குழம்பு தெறித்து அவர் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் மனசளவில் இன்னும் வீடு திரும்பவில்லை. புது வீட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. மண்ணைத் தொடாத வீடு. நாலு மூலையிலும் காலில் நிற்கிற வீடு. அதில் எப்படிக் குடியிருப்பது?

ஒரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டாள். "ஏமண்டி, ஈசானி மூலையில மட்டும் ஒரு கலயம் வெச்சுப்போடலாமுங்களா? நவதானியமும் ஒரு குந்துமணிப் பொன்னும். ஐயரு கூட வேண்டாம்."

சென்னகேசவன் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"போன ஊட்டுக்கு நாலு மூலையிலயும் வெச்சயே. இந்தா, மிச்சம் மூணு வெரலு."

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அது அவளுக்கும் தெரியும்.

ரசாக்கிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். காப்பி கொண்டுபோய்க் கொடுக்கும்போது வாய் வரைக்கும் வந்தது. 'பாய் மனுசன். நம்ம சாமி சமாச்சாரத்தை அவர்கிட்டப் போய்ச் சொன்னா சங்கடப்படுவார். இல்லீன்னும் வாயால சொல்லமாட்டார். எதுக்கு ஒரு நல்ல மனுசனை அப்படி நிறுத்தறது' என்று நினைத்துக்கொண்டாள். மரியாதைக்காகக் கேட்காமல் விட்டாள். நம்ம ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எதிரில் நிற்கிறவருக்குச் சங்கடம் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு, அவர் தலையில் பாறாங்கல்லையே போட்டுவிடுவோம்.

வெள்ளிக்கிழமை வெடியால, பால்காரன் வருவதற்கு முன்னால், பக்கத்துத் தெருவில் இருந்த பழைய வீட்டிலிருந்து தனியாக நடந்து வந்து, ஸ்டூலைக் குழிக்குள் இறக்கி அதில் கால்வைத்து இறங்கினாள். இடித்து இறுக்கியிருந்த சுக்கான் மண்ணைக் களைக்கொத்தால் கொத்திக் கொத்தி, தலையளவு பள்ளம் பறித்தாள். புது மண் கலயம். ஒன்பது தானியம், கொஞ்சம் பால், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பழைய தோட்டின் சுரை. வைத்து, வாயை மூடி, மேலே மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, கையால் நிரவிவிட்டாள். மேலேறி வந்து கை கழுவும்போது மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

நாலு மணி நேரம் கழித்து அதன்மேல் காங்கிரீட் இறங்கியது.

சரஸ்வதி பூசை கழித்துக் குடிவந்தார்கள். பலகைத் தரை மெழுகுபோட்டு மின்னியது. சென்னகேசவன் வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்த் தரையில் ஒரு பேரிங் குண்டை வைத்துக் காட்டுவார். வைத்த இடத்தில் நிற்கும். "இருவத்தெட்டுக் காலுங்க. ஒரு நூல் வித்தியாசம் இல்ல. கோட்டைமேட்டு பாய்தான் செஞ்சார்" என்பார். அவர் ஒரு ஆளைப் பற்றி இப்படி நாலு பேரிடம் சொல்லி வெங்கடம்மாள் கேட்டதில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது.

முதலில் பார்த்தவள் அவள்தான். பூசை அறைக் குத்துவிளக்கில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. வடகிழக்குப் பக்கமாக. ஒரு துணியை மடித்து விளக்கின் அடியில் கொடுத்து நேராக்கினாள். இரண்டு நாளில் இன்னொரு மடிப்பு வைக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அறைக் கதவு அடியில் உரசியது. விளக்கெண்ணெய் தடவினாள்.

சனிக்கிழமை, திருப்பூரிலிருந்து விருந்துக்கு வந்த ஒறம்பரைக்குத் தரையைக் காட்டும்போது, குண்டு நிற்கவில்லை. மெதுவாகக் கிளம்பி, பூசை அறை வாசலைத் தாண்டி, ஈசானி மூலைச் சுவரில் போய் டக்கென்று முட்டி நின்றது. வந்தவர் சிரித்தார். சென்னகேசவன் சிரிக்கவில்லை.

ஆள் அனுப்பி ரசாக்கை வரவழைத்தார். ரசாக் டார்ச்சோடு தரைக்கு அடியில் தவழ்ந்து போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். முழங்கையெல்லாம் சேறு.

"ஒண்ணரை இஞ்சு எறங்கியிருக்குதுங்க மொதலாளி. கொஞ்சம் சாஞ்சுமிருக்குது."

"மத்ததெல்லாம்?"

"மயிரளவு அசையலீங்க."

"அதே மண்ணு, அதே மழை. இருவத்தேழு நிக்குது, ஒண்ணு எறங்குது. அப்பிடின்னா என்ன அர்த்தமுங்க?"

ரசாக் டார்ச்சை அணைத்தார். மறுபடி போட்டார்.

"நானே சொல்றேன். அந்த ஒரு குழியில சுக்கான் வரைக்கும் போகல. பூசை ரூமுதான, ஆரு வந்து பாக்கப்போறாங்கன்னு விட்டுப்போட்டீங்க."

"அப்பிடியில்லீங்க. திங்கக்கிழமை நானே வந்து தோண்டிப் பாத்துப்போடறேனுங்க. எங் கைச்செலவுல மாத்தித் தாரேன்."

"தோண்டுங்க. வேண்டாங்கல. ஆனா மேனேஜர் திங்கக்கிழமை காலையில எங்கிட்டக் கேக்கறதாச் சொல்லியிருக்கார். நா எங்கண்ணுல பாத்ததத்தான் சொல்லுவேன். இந்தக் குண்டு பொய் சொல்லாதுங்க."

வெங்கடம்மாள் வாசற்படியில் காப்பி டம்ளரோடு நின்றிருந்தாள். ரசாக் வாங்கிக்கொள்ள வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்கம்மா, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க, சரிபண்ணிப்போடலாம்" என்றார். தனக்காக அவள் வருத்தப்படுவதாக நினைத்துவிட்டார். அவள் டம்ளரை நீட்டினாள்.

கோட்டைமேட்டில் அன்றைக்கு மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ரம்லா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். முஜீப் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"முஜீபு, அந்த மூலைக் குழி எத்தனை அடி?"

"மூணே முக்கா. அன்னிக்கே சொன்னனே மச்சா."

"டேப் புடிச்சயா, குத்துமதிப்பாச் சொன்னயா?"

முஜீப் நிமிர்ந்து பார்த்தான். "என்னாச்சு?"

"எறங்கிருச்சு. அது மட்டும்."

"டேப் புடிச்சுத்தான் சொன்னேன்."

"அன்னிக்கு நீ சீக்கிரம் போகோணும்னு நின்னயே. மேட்ச் இருக்குதுன்னு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நெசத்தச் சொல்லீரு. நா ஏத்துக்கறேன். வெளிய உம் பேரு வராது."

அந்த நாலு வார்த்தை இருக்கிறதே கண்ணு, 'வெளிய உம் பேரு வராது', அதைத்தான் முஜீப்பால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். செய்யாத தப்புக்கு மன்னிப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் அதை என்ன செய்வது? பாதித் தோசையில் கையை உதறி எழுந்து, கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டினான்.

"ஏண்டா, சாப்ட்டுப் போடா" என்றாள் ரம்லா.

"வயிறு நெறஞ்சுபோச்சுக்கா."

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியோடு திருப்பூர் பஸ் ஏறிவிட்டான். அங்கே அர்ஷத் என்று ஒரு சிநேகிதன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

ரம்லா அழவில்லை. சாயந்தரம் ரசாக்குக்கு டீயை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எந்தம்பி பொய்யே சொல்லாதவன்னு நா சொல்ல வரல. சின்ன வயசுல எத்தனையோ சொல்லியிருக்கான். ஆனா நீங்க கேட்ட கேள்வியில, நெசம் சொல்றவன் நிக்கறதுக்கு எடமே இல்லீங்க."

ரசாக் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். முஜீப் அளந்திருப்பான் என்று ஒரு மனசு சொன்னது. அப்படியென்றால் தன் திட்டத்தில் பிழை. தன் கைக்கணக்கில் பிழை. அதை நினைப்பதைவிட, முஜீப் ஏமாற்றிவிட்டான் என்று நினைப்பது சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்தை அவரே கண்டுபிடித்துக்கொண்டதும் அவருக்கு உட்காரவும் முடியவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் பங்களாவுக்கு வந்துவிட்டார். பழனியாத்தாள் மட்டும் கூட. சென்னகேசவன் ஃபவுண்ட்ரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார், நின்று பேசவில்லை.

பலகையைப் பெயர்த்து, ஜாக்கி கொடுத்து, குத்துக்காலைக் கயிறு போட்டுச் சாய்த்து எடுத்தார்கள். அடிக் காங்கிரீட்டைச் சம்மட்டியால் உடைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நல்ல காங்கிரீட். உடைக்க உடைக்க ரசாக்குக்கு அதுவே வேதனையாக இருந்தது. கடைசித் துண்டைத் தூக்கியதும், குழிக்குள் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கையால் ஒதுக்கினார்.

ஓரமெல்லாம் சுக்கான். வெளுப்பாக, இறுகி, கடப்பாரை பட்டால் கணீரென்கிற சுக்கான். நடுவில் மட்டும் பொதபொதவென்று ஏதோ. கையை விட்டார். ஓட்டுத் துண்டு வந்தது. இன்னொன்று. புளித்த பால் வாடை. நசுங்கிப்போன கலயத்துக்குள்ளிருந்து சோளமும் பச்சைப்பயறும் வெளிச்சம் பார்க்காமல் முளைத்து, நூல் நூலாக வெளுத்து, மேலே போக வழியில்லாமல் சுருண்டு அழுகியிருந்தன. அதற்குள் ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

டேப்பை எடுத்து ஓரத்தில் பிடித்தார். மூன்றே முக்கால் அடி.

எதிர் ஓரத்திலும் பிடித்துப் பார்த்தார். அதே கணக்கு.

மேலிருந்து பழனியாத்தாள் எட்டிப் பார்த்தாள். "என்னுங் மேஸ்திரி, பொதையலா?" என்றவள், முடிச்சைப் பார்த்துவிட்டாள். அவள் பிள்ளை பெற்றவள், வீடு கட்டினவள். ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "அட கெரகமே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"பழனியாத்தா, போய் டீ வாங்கிட்டு வா."

"வாரேனுங்க. நா ஒண்ணும் பாக்கலீங்க. எனக்குக் கண்ணு மங்கல்" என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனாள்.

வெங்கடம்மாள் அறை வாசலில் வந்து நின்றாள். எப்போது வந்தாள் என்று ரசாக்குக்குத் தெரியாது. குழிக்குள்ளிருந்து பார்க்க அவள் பாதமும் சேலைக் கரையும்தான் தெரிந்தன.

"ஏனுங்கம்மா" என்றார் ரசாக். குரல் உயரவில்லை. "நானிது வரைக்கும் அம்பது ஊட்டுக்கு மேல கட்டியிருப்பேன். எல்லாம் உங்காளுக ஊடுதான். அத்தன ஊட்டுலயும் ஈசானி மூலைக்குப் பக்கத்துல, பாரம் படாத எடமாப் பாத்து, ஒரு முழத்துக்குக் குழி எடுத்துத் தாரது நாந்தானுங்க. ஐயரு வாரதுக்கு முன்னால தண்ணி தெளிச்சுக்கூட வெச்சுப்போடுவேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா..."

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு இருந்துட்டனுங்க பாய்."

"சங்கடப்படுவேன்னு" என்று ரசாக் திரும்பச் சொன்னார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, வராமல் போனது. "எம் மச்சினன நா ஊட்டை உட்டே தொரத்திப்போட்டனுங்கம்மா. அவன் அளந்தது மூணே முக்கா. இப்பத்தான் பாத்தேன்."

அவள் அங்கேயே உட்கார்ந்தாள். ரசாக் முடிச்சைத் துடைத்து, பலகை ஓரத்தில் அவள் கை எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"நா மொதலாளிகிட்டச் சொல்லமாட்டேனுங்க. புருசம் பொண்டாட்டிக்கு நடுவுல நா வரக்கூடாது. குழியச் சுத்தம் பண்ணி, வேற காங்கிரீட் போட்டு, இருவது நாளு ஜாக்கியில நிறுத்தி, புதுக்கால் வெச்சுப்போடறேன். ஆனா நாஞ்சொல்லலீன்னா, நா குழியில திருடுனவனாகவே இருப்பனுங்க. அது உங்களுக்குத் தெரியோணும். அவ்வளவுதான்."

அவர் ஓட்டுத் துண்டுகளைச் சட்டியில் பொறுக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் சென்னகேசவன் சாப்பிட வந்தார். குழியைப் பார்க்கப் போகவில்லை, நேராகக் கை கழுவப் போனார். வெங்கடம்மாள் இலை போடவில்லை. நின்றபடியே சொன்னாள். வெள்ளிக்கிழமை, கலயம், களைக்கொத்து, துணி மடித்து விளக்குக்கு அடியில் வைத்தது, எல்லாவற்றையும். இடையில் அவர் ஏதாவது சொல்வார், அதைச் சாக்காக வைத்து அழுதுவிடலாம் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாததால் கடைசி வரைக்கும் சொல்ல வேண்டியதாயிற்று.

துண்டில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக. இடது கையில் இல்லாத விரல்களின் இடத்தையும் சேர்த்து.

"காலையிலயே மேனேஜர்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

"என்னன்னுங்க?"

"பாய் ஏமாத்திப்போட்டார்னு. வேற ஆளப் பாருங்கன்னு."

"இப்பப் போய் மாத்திச் சொல்லீருங்க. அரை நாள்தானாச்சு."

"என்னன்னு சொல்லச் சொல்ற? எம் பொண்டாட்டி எனக்குத் தெரியாம ராவோட ராவாக் கலயம் பொதைச்சான்னா?"

"வெடியாலங்க" என்றாள் அவள்.

"நாளைக்கு மில்லு கேட்டுல எவனும் எங்கிட்டப் பேசமாட்டான், என்ற முதுகுக்குப் பின்னால சிரிப்பான். காலெல்லாம் சரியா நின்னதும் ஒரு மாசங் கழிச்சு, 'இப்பப் பரவால்ல'ன்னு சொல்லிக்கறேன். உடு."

"ஒரு மாசத்துல ஒம்பது ஊட்டையும் வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க."

"உடுன்னு சொன்னேன்."

சாப்பிட்டார். உப்புப் பற்றவில்லை என்றார். போய்விட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு வெங்கடம்மாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு மில் கேட்டுக்கு நடந்துபோனாள். பின்சந்து வழியாகப் போனால் அஞ்சு நிமிஷ நடைதான். அந்த அஞ்சு நிமிஷத்தை அவள் தன் வாழ்நாளில் நடந்ததில்லை. வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான், சொன்னாள். ஆஃபீசில் டைம் கீப்பரும் இரண்டு கிளார்க்கும் இருந்தார்கள். மேனேஜர், "வாங்கம்மா, உக்காருங்க, சென்னகேசவன் அனுப்புனாருங்களா?" என்று நாற்காலியைக் காட்டினார்.

"இல்லீங்க. அவரு வேண்டாம்னார்."

உட்காரவில்லை. கிளார்க்குகளை வெளியே போகச் சொல்லுங்கள் என்று கேட்க நினைத்திருந்தாள். கேட்கவில்லை. அவர்களும் கேட்கட்டும் என்று ஆகிவிட்டது. நேற்றுப் புருஷனிடம் சொன்னதையே திரும்பச் சொன்னாள். இரண்டாந்தடவை கொஞ்சம் சுருக்கமாக வந்தது. "குழி சரியான ஆழமுங்க. நா நடுவுல நோண்டுனதுதான். பாய் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

டைம் கீப்பர் இருமினார். அது இருமலில்லை.

மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார். "ஏனுங்கம்மா, மேல எடத்துல கேட்டா நா என்னன்னு எழுதறது? கலயம்னா எழுத முடியும்?"

"நா எழுதித் தாரேனுங்க. கையெழுத்துப் போட்டு."

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். பத்து வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. கீழே செ. வெங்கடம்மாள் என்று போட்டு, வீட்டு நம்பரையும் எழுதினாள். மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"ஒம்பதையும் ஒரே வாக்குல இப்பத் தர முடியாதுங்க. ஒரு தடவ பேச்சு வந்துபோச்சு. மூணு ஊடு செய்யட்டும். ஒரு மழை பாக்கலாம்."

அவ்வளவுதான் கிடைத்தது. திரும்பி வரும்போது பின்சந்தில் ஈரச்சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்குச் சாயந்தரமே சேதி சென்னகேசவன் காதுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் பல நாள் அவர் அவளோடு தேவைக்குத்தான் பேசினார். விருந்தாளி யாருக்கும் குண்டு வைத்துக் காட்டவும் இல்லை.

மூன்று வீடு என்று மேனேஜர் ஆள்விட்டுச் சொன்னதும் ரசாக் பங்களாவுக்கு வந்து, புதுக்காங்கிரீட்டின் மேல் போட்டிருந்த சாக்கை நனைத்துக்கொண்டே, "ரொம்ப சந்தோசமுங்கம்மா" என்றார். பக்கத்தில் ஒரு முழக்குழி எடுத்துத் தரட்டுமா என்றும் கேட்டார். "இப்ப வேண்டாமுங்க பாய்" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரசாக் திருப்பூருக்குப் போனார். ரம்லா எதுவும் சொல்லி அனுப்பவில்லை. பனியன் கம்பெனி வாசலில் டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபின் முஜீப் வந்தான். தலைமயிரெல்லாம் பஞ்சு.

ரசாக் முழுவதும் சொன்னார். முஜீப் கேட்டுக்கொண்டான்.

"மூணு ஊடு கெடச்சிருக்குது மாப்ள. நீ இல்லாம ஆகாது. வா போலாம்."

"கலயம் கெடச்சுதுனால வந்தீங்க" என்றான் முஜீப்.

"ஆமா."

"கெடைக்காமப் போயிருந்தா?"

டீக்கடைக்காரர் டம்ளர்களை எடுத்துப்போனார். ரசாக் பொய் ஒன்று சொல்லலாம். சொன்னால் அவன் வந்துவிடக்கூட வரலாம். வீட்டில் ரம்லாவின் முகம் மாறும்.

"நீதான் அளக்காம உட்டேன்னு நெனச்சிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

முஜீப் தலையை ஆட்டினான். கோபமாகத் தெரியவில்லை. "அதத்தான் மச்சா நானும் யோசிச்சேன். நாளைக்கு இன்னொரு மூலை எறங்குச்சுன்னா நீங்க மொதல்ல எம் மூஞ்சியத்தான் பாப்பீங்க. நானும் நீங்க பாக்கறீங்களான்னு பாத்துட்டே நிப்பேன். அப்பிடி ரெண்டு பேரும் ஒரு குழிக்குள்ள எப்பிடி எறங்கறது?"

உள்ளே மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஆர்டர் வேலை. அவன் எழுந்து, "அக்காவுக்கு வேணுமின்னா நோம்புக்கு வாரேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

திங்கட்கிழமை, அந்த மூன்றில் முதல் வீட்டில் முதல் குழி. பாலுசாமி என்று ஒரு புது ஆள் தோண்டினான். நாலு அடி என்று கீழேயிருந்து சத்தம் கொடுத்தான். ரசாக் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேப்பை எடுத்துக்கொண்டு, அவனை மேலே ஏறச் சொல்லிவிட்டுத் தான் இறங்கினார்.